மருதையும் சர்க்காவும்

கேள்வி: எங்க உம்மம்மா மதுரையை ‘மருதை’ என்கிறார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வேறு மொழியில் இப்படி உண்டா?
– வாசகர், கீழக்கரை

பதில்: சிரிக்க வேண்டாம், பாரசீகமே இப்படி ‘ர’வை இடம் மாற்றிய மொழிதான். பழைய ஈரானிய ‘சக்ர’ (நம் சக்கரத்தின் உறவு) அங்கே ‘சர்க்’ ஆகி, நூற்கும் சர்க்காவாக நம்மிடம் வந்தது. ‘வஃப்ர’ என்ற பனி ‘பர்ஃப்’ ஆனது, நீங்கள் தின்னும் பர்பிக்கும் அதுதான் பெயர்.

அதுகூட ஓர் ஒழுங்கில் நடந்தது. ‘ல’ விஷயம்தான் தகராறு. பழைய ஈரானியத்தில் ‘ல’ பெரும்பாலும் ‘ர’ ஆகிவிட்டது, பாபிலோனையே ‘பாபிருஷ்’ என்று கல்லில் வெட்டினார்கள். அப்புறம் ‘ர்த்’ சேர்ந்த இடத்தில் புது ‘ல’ முளைத்தது: ‘வர்த்’ என்ற பூ ‘குல்’ ஆனது, குல்கந்தில் இருப்பது அதுவே. ஆனால் நக்குவதைக் குறிக்கும் சொல்லில், ஜொராஸ்திரியரின் பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவில் ‘ர’ இருக்க, பாரசீகத்திலோ ‘ல’! இதற்கு விதி தேடினால் தலைதான் வலிக்கும்.