புதருக்குள் விசிலடிப்பது யார்?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து ஓரப் புதரில் விடியற்காலையில் மூன்று நான்கு சுரத்தில் ஒரு விசில், திரும்பத் திரும்பக் கேட்கிறது. கிட்டே போனால் நின்றுவிடுகிறது. என்ன பறவை, எப்படிப் பார்ப்பது? அடுத்த வாரம் களையெடுப்பும் இருக்கிறது.

பதில்: பெரும்பாலும் புள்ளிச் சிலம்பன்தான். சுமார் 15 செ.மீ. நீளம். செம்பழுப்புத் தொப்பி, கண்ணுக்கு மேல் வெளிர் கோடு, வெள்ளைத் தொண்டை. நெஞ்சில் பழுப்புக் கீற்றுகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தவிட்டுக்குருவி போலக் கூட்டமாகக் கத்தித் திரியாது. ஜோடியாகவோ நாலைந்தாகவோ தரையில் நடந்து சருகைப் புரட்டிப் பூச்சி தேடும்.

தேடிப் போனால் கிடைக்காது. புதரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, காலை ஆறு மணிக்கே தரையோடு உட்காருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் இலைதான் தெரியும். இருபது நிமிடம் அசையக்கூடாது. பாட்டை விட்டுவிட்டுச் சருகுச் சத்தத்தைக் கவனியுங்கள். ஓணானும் சலசலக்கும், ஆனால் ஓடி நின்றுவிடும். இது விட்டுவிட்டு ஒரே இடத்தில் கிளறும். கைப்பேசியில் அதன் பாட்டைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று கூட்டை விட்டு வரும்.

களையெடுப்புதான் பெரிய சிக்கல். மழைக்காலத்தில் செடியடியில், சரிவான தரையில் கூடு கட்டும். காய்ந்த இலையும் குச்சியும் சேர்த்த உருண்டை, பக்கவாட்டில் வாசல். பார்த்தால் குவிந்து கிடக்கும் சருகு மாதிரியே இருப்பதால் களை வெட்டும் இயந்திரமான பிரஷ் கட்டர் அப்படியே சிதைத்துவிடும். பிளேடை ஒரு சாண் உயர்த்தி ஓட்டினாலும் பயனில்லை. கூடு தப்பும், மறைப்பு போய்விடும். செம்போத்தும் கீரியும் கண்டுபிடித்துவிடும்.

முதலில் செடி வரிசைகளுக்கு நடுவே மட்டும் வெட்டுங்கள். சரிவையும் வேலியோரத்தையும் மழை முடியும் வரை விடுங்கள். வெட்டும் இடத்தில் ஆளை முன்னால் அனுப்பிக் குச்சியால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். காலடியிலிருந்து எலி போல ஒரு பறவை பறக்காமல் நழுவினால் அங்கே நின்றுவிடுங்கள். சருகை விலக்கிப் பார்க்க வேண்டாம். சுற்றிலும் ஐந்து மீட்டருக்கு ஒரு மாதம் கத்தி படக்கூடாது. அடையாளக் கொடியைக் கூட்டருகே நடாமல் அந்த எல்லையில் நடுங்கள்.