கொத்துக்கறி உதிரியாக வர என்ன வழி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மாதம் இருமுறை அரைக் கிலோ ஆட்டுக் கொத்துக்கறி வாங்குகிறேன். வாணலியில் போட்டதும் நீர் விட்டுக்கொண்டு, வெளிறிப்போய், சிறுசிறு கட்டிகளாகத் திரண்டுவிடுகிறது. என் மாமியார் செய்தால் மட்டும் உதிரியாகவும் சிவந்தும் வருகிறது. கேட்டால் ‘கைப்பக்குவம்’ என்கிறார். குக்கரில் வைத்துப் பார்த்தும் சரிப்படவில்லை. எங்கே தவறுகிறேன்?
– திண்டுக்கல் வாசகி

பதில்: உங்கள் மாமியாரின் கைப்பக்குவத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பக்குவத்தில் பெரும்பகுதி, கறி விடுகிற நீரை அவர் எப்படி வற்ற வைக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. கொழுப்பு நீக்கிய இறைச்சியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். துண்டுக் கறியில் தசைக்குள் அடங்கிக் கிடக்கும் அந்த நீர், பொடியாகக் கொத்திய கறியில் சூடு பட்டவுடன் எல்லா வெட்டுவாய்களிலிருந்தும் கசியத் தொடங்கும். அந்த நீர் வாணலியில் தேங்கி நிற்கும்வரை கறியின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி சிவந்து வறுபட்ட மணம் பெறுவதோ 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் பிடிக்கிறது. பிரெஞ்சு வேதியியலர் மையார் 1912ஆம் ஆண்டில் விவரித்த மாற்றம் இதுவே. ஆகவே நீங்கள் கறியை வதக்குவதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் அதன் சாற்றிலேயே அவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கறி வாங்கும்போதே கவனம் தொடங்க வேண்டும். தொடைக்கறியையோ முன்சந்துக் கறியையோ எலும்பில்லாமல் எடுத்து, கொஞ்சம் கொழுப்போடு, உங்கள் கண்முன்னே கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தித் தரச் சொல்லுங்கள். அரைக் கிலோவுக்கு 75 கிராம் கொழுப்பாவது இருக்கட்டும். கொழுப்பே இல்லாத கொத்துக்கறி வெந்தபின் மரத்தூளைப் போல் இருக்கும். இயந்திரத்தில் மாவாக அரைத்த கறியில் கொழுப்பு எங்கும் ஈஷிக்கொள்வதால் அது எளிதில் உதிராது.

அடுத்து, அகலமான, கனமான இரும்பு வாணலியை நன்றாகக் காய வைத்து, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கறியை இரண்டு தவணையாகப் போடுங்கள். முழுவதையும் ஒரே நேரத்தில் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கிவிடும். போட்டதும் கிளறாமல் இரண்டு நிமிடம் விட்டுவிட்டு, பிறகு மரக்கரண்டியால் கட்டிகளை உடைத்துக்கொண்டே, தீயைக் குறைக்காமல் நீரை வற்ற விடுங்கள். கண்ணைவிடக் காது இதற்கு நல்ல துணை: நீர் இருக்கும்வரை சளசளவென்று கொதிக்கும் ஓசை, நீர் வற்றி எண்ணெய் பிரிந்ததும் சடசடவென்று மாறும். அந்த ஓசை மாறியபின் மேலும் மூன்று நான்கு நிமிடம் வறுத்து, கறியைத் தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள்.

அதே எண்ணெயில் பட்டை, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, 150 கிராம் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, ஒரே ஒரு தக்காளி ஆகியவற்றை வதக்கி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள் சேர்த்துப் பச்சை வாடை போனபின், கறியைத் திரும்பப் போட்டு, உப்பும் அரைக் கோப்பை வெந்நீரும் சேர்த்து மூடி, சிறுதீயில் 20 முதல் 25 நிமிடம் வேக விடுங்கள். இறுதியில் மூடியைத் திறந்து, மிளகும் சீரகமும் பொடித்துத் தூவி, ஈரம் போகும்வரை பிரட்டி இறக்கலாம். உப்பைப் பிந்திச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பச்சைக் கறியில் உப்பிட்டுப் பிசைந்தால் தசையிலுள்ள புரதம் கரைந்து பசைபோல் ஒட்டும். உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து ஊற வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், கட்டி சேர்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

குக்கரைப் பொறுத்தவரை, முற்றிய ஆட்டுக்கறியாக இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் வறுத்த பிறகே குக்கருக்குள் போக வேண்டும். கால் கோப்பை நீரும் மூன்று விசிலும் போதும். மூடிய குக்கரில் நீர் வற்ற வழியில்லை என்பதால், திறந்தபின் மறுபடியும் வாணலியில் பிரட்டத்தான் வேண்டும்.

கேள்வி: கொத்திய கறியைக் கழுவலாமா? கழுவாமல் சமைக்க மனம் ஒப்பவில்லை.
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: துண்டாக இருக்கும்போதே கழுவித் துடைத்து, அதன்பின் கொத்துவதே நல்லது. வீட்டில் கனமான கத்தியும் பலகையும் இருந்தால் அரைக் கிலோவைக் கொத்தக் கால் மணி நேரம் ஆகும். கொத்திய பிறகு கழுவினால் சாறும் சுவையும் நீரோடு போய்விடும். போதாதற்குக் கறி நீரை வேறு பிடித்துக்கொள்ளும். மனம் ஒப்பவே இல்லையென்றால் கண் சிறிய வடிகட்டியில் போட்டு ஒருமுறை அலசி, மெல்லிய துணியில் கட்டி நன்றாகப் பிழிந்துவிடுங்கள்.

ஆனால் கழுவுவதால் கிருமிகள் ஒழிவதில்லை. தெறிக்கும் நீரோடு தொட்டியெங்கும் பரவுகின்றன. துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். கொத்தும்போது அவை உள்ளும் புறமுமாகக் கலந்துவிடுகின்றன. இதனால்தான் அமெரிக்க வேளாண் துறை ஆட்டிறைச்சியின் முழுத் துண்டுக்கு உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸ் போதும் என்றும், கொத்திய இறைச்சிக்கு 71 டிகிரி வேண்டும் என்றும் சொல்கிறது. மேலே சொன்ன முறையில் இந்த அளவு தானாகவே தாண்டப்படும். கவலைப்பட வேண்டியது உருண்டைக்கும் கட்லெட்டுக்கும்தான்.

கேள்வி: கைமாவும் கொத்துக்கறியும் வெவ்வேறா?
– வாணியம்பாடி வாசகி

பதில்: பொருள் ஒன்றுதான். உருதுவின் ‘கீமா’ நம் வாயில் கைமா ஆயிற்று. அதன் வேர் துருக்கியின் ‘கிய்மா’, அதாவது பொடியாக நறுக்கியது. கடையில் கேட்கும்போது பெயரைவிட, கத்தியில் கொத்த வேண்டுமா, இயந்திரத்தில் அரைக்க வேண்டுமா என்பதைச் சொல்லிவிடுவது பயன்தரும்.

கேள்வி: கோலா உருண்டை எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்துவிடுகிறது. பொட்டுக்கடலை மாவை இன்னும் கூட்ட வேண்டுமா?
– சென்னை வாசகி

பதில்: கூட்டாதீர்கள். மாவைக் கூட்டக் கூட்ட உருண்டை நிற்கும், கறி காணாமற்போகும்; அப்படிச் செய்வதைவிடப் பருப்பு வடை சுட்டுவிடலாம் என்பது என் கருத்து. அரைக் கிலோ கறிக்கு 75 கிராம் பொட்டுக்கடலை போதுமானது. குறை ஈரத்தில் இருக்கிறது.

கறியை வதக்கி அரைப்பவர் என்றால், சொட்டு நீரும் இல்லாமல் வற்ற விட்டு, முழுக்க ஆறவைத்து, நீர் தெளிக்காமல் மிக்சியில் விட்டுவிட்டு அரையுங்கள். வெங்காயத்தையும் வதக்கியே சேர்க்க வேண்டும். வெந்த கறிக்குத் தானாக ஒட்டும் தன்மை இராது என்பதால், பொட்டுக்கடலையோடு ஒரு முட்டையும் தேவைப்படலாம். பச்சைக் கறியை அரைத்துச் செய்பவருக்கு முதல் கேள்வியில் நான் வேண்டாமென்ற வேலையே இங்கு வேண்டும்: உப்பிட்டு, கையில் ஒட்டும் பதம் வரும்வரை ஐந்து நிமிடம் பிசையுங்கள். அந்தப் புரதப் பசையே உருண்டையைப் பிடித்து நிறுத்தும். பச்சைக் கறி உருண்டை நெல்லிக்காய் அளவைத் தாண்டக்கூடாது. எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். எப்படிச் செய்தாலும் முதலில் ஒரே ஓர் உருண்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை உருட்டுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வாங்கும் கொத்துக்கறியை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: 4 டிகிரிக்குள் இருக்கும் குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் மூன்று நான்கு மாதம் வரை சுவை கெடாது. ஆனால் மின்வெட்டு அதிகமுள்ள இடங்களில் இந்தக் கணக்கை நம்பிவிட வேண்டாம். கறியை உருட்டி வைக்காமல், ஒரு வேளைக்குரிய அளவைப் பையில் போட்டு அடைபோல் தட்டையாக்கி வைத்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். சமைப்பதற்கு முந்தைய இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். சமையல் மேடையில் மணிக்கணக்காக விட்டு வைக்கக்கூடாது. உறையும்போது உண்டாகும் பனிப்பரல்கள் தசையைக் கிழித்துவிடுவதால், இளகிய கறி புதிய கறியைவிடக் கூடுதலாக நீர் விடும். அந்த நீரை வடித்துவிட்டே வாணலியில் போடுங்கள்; ஓசை மாறச் சில நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.