திறப்பைக் கொடுப்பதற்கு முன்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் படித்தேன். திருகோணமலைக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது, மார்ச் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது, உப்புவெளி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நீங்களும் மனைவியுமாக ஸ்கூட்டரில் இரண்டு மாதம் இலங்கையைச் சுற்றிப் பார்த்து, காங்கேசன்துறையில் கப்பல் ஏறி ஊருக்குப் போகலாம் என்று இருக்கிறீர்கள். எந்த வழி நல்லது, மழை வருமா, ஸ்கூட்டர் தாங்குமா, வீட்டுச் சாமான்களை எங்கே விற்பது, அட்வான்ஸ் திரும்ப வருமா. இவ்வளவும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இங்கே எங்களுக்கென்று யாரும் இல்லை, அதனால் விட்டுப் போவது சுலபம்." அந்த வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மற்றதற்கெல்லாம் பதில் சுருக்கமாகத்தான் வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வழியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சிகிரியா, எல்ல, நுவரெலியா எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்வது ஒன்றுதான். ஏப்ரலில் தெற்கையும் மலைநாட்டையும் முடித்துவிட்டு, மே மாதம் கிழக்கு, வடக்கு என்று திரும்புங்கள். மே கடைசியில் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் காலி, மாத்தறைப் பக்கம் கடலில் கால் வைக்க முடியாது. நம் நிலாவெளிக் கடல் அந்த நேரத்தில்தான் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் ஏதாவது ஓர் ஊரில் அப்படியே இருந்துவிடுங்கள். நாடே சொந்த ஊருக்குப் போகிற நாட்கள் அவை. சாப்பாட்டுக் கடை திறக்காது. நாங்கள் ஒரு வருடம் முறுக்குப் பாக்கெட்டிலும் வாழைப்பழத்திலும் காலம் தள்ளினோம். அதற்கு ஈடாக மே மாதம் வெசாக் என்ற பௌத்தப் பண்டிகை வரும், தெருவுக்குத் தெரு தன்சல் வைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். வெட்கப்படாமல் வரிசையில் நில்லுங்கள்.

ஸ்கூட்டர் தாங்கும். கந்தளாயிலிருந்து ஹபரணை வரைக்கும் பொழுது சாய்ந்த பிறகு மட்டும் ஓட்டாதீர்கள், யானை குறுக்கே வரும். பகலிலும் வரும், ஆனால் பகலில் கண்ணுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், அந்த ஸ்கூட்டர் உங்கள் பெயரில் இருக்கிறதா? நம் ஆட்கள் பாதிப்பேர் ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமலே வாங்கி, ஓப்பன் பேப்பரிலேயே விற்றுவிட்டுப் போகிறவர்கள். மதுரைக்காரத் தம்பதி ஒன்று அப்படிக் கிளம்பி, மாத்தளைக்குப் பக்கத்தில் மறித்தபோது யாரோ முன்பின் தெரியாத மனிதரின் பெயரைச் சொல்லி விழித்துக்கொண்டு நின்றது. பெயர் மாற்றி, அதற்குரிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். லைசென்ஸ் விஷயமும் அப்படித்தான். இந்திய லைசென்ஸை அப்படியே நீட்டினால் செல்லாது, இங்கே ஒப்புதல் வாங்க வேண்டும். பதினோரு மாதமாக யாரும் கேட்கவில்லை என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பலை நம்பித் தேதி குறிக்காதீர்கள். 2023 அக்டோபரில் மேளதாளத்தோடு தொடங்கி, சில நாளிலேயே மழைக்காலம் என்று நிறுத்தி, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி விட்டார்கள். காற்று பலமானால் ரத்து. நான் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். நாலு மணி நேரத் தூரத்தை இருபது வருடமாகத் திருச்சி, கொழும்பு என்று ஆகாயத்தில் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவள். அதனால் அந்தக் கப்பலைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இருந்தாலும் கையில் ஒரு வாரம் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அந்த வரிக்கு வருகிறேன்.

நாங்கள் 2003 நவம்பரில் வந்தோம். போர்நிறுத்தம் செய்து சண்டை நின்றிருந்த நேரம். என் வீட்டுக்காரருக்குச் சீனக்குடாப் பக்கம் இரண்டு வருட வேலை. கொழும்பிலிருந்து வேனில், வழியெல்லாம் இறங்கி ஏறி, பெட்டியைத் திறந்து காட்டி, நள்ளிரவில் வந்து சேர்ந்தோம். வாடைக்காற்று மழை. உங்களுக்குத் தெரியுமே, இந்த ஊர் மழை ஐப்பசியில் ஆரம்பித்தால் தை வரைக்கும் விடாது. ஓடு ஒழுகி, படுக்கையை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டிருந்தோம். காலையில் அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய் வெங்காயம் கேட்டால், "பம்பாய் வெங்காயமா, சின்ன வெங்காயமா" என்கிறார் கடைக்காரர். பம்பாயிலிருந்து வந்ததா என்று கேட்டேன். கடையே சிரித்தது. பால் கேட்டேன், பால்மாப் பெட்டியை எடுத்து வைத்தார். ரொட்டி கேட்டேன், தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட தட்டை ரொட்டி வந்தது. நான் கேட்ட பிரெட்டுக்கு இங்கே பாண் என்று பெயர் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே போகிறோம், மொழிப் பிரச்சினை இருக்காது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தவள், குசினியில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது பாருங்கள், சமையலறை என்பதற்கு "குசினி" என்று தானாக வருகிறது. ஊருக்குப் போனால் "திறப்பு எங்கே" என்று கேட்கிறேன், என் அண்ணி கடை திறப்பு விழாவா என்கிறாள். சாவி என்ற சொல்லே நாக்கில் வர மறுக்கிறது.

வருகிற நம் ஆட்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, எழுதிவிடுகிறேன். ஒரு கூட்டம் மூன்று வருடமும் சாம்பார் பொடியும் ஃபில்டர் காபித் தூளும் ஊரிலிருந்து வரவழைத்தே காலம் கழிக்கும். பக்கத்து வீட்டில் சொதி எப்படி வைக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காது. இன்னொரு கூட்டம் அறிமுகமான அஞ்சாவது நிமிடம் "சண்டையில் உங்கள் வீட்டில் யாராவது..." என்று ஆரம்பிக்கும். கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவர்களே பத்து வருடம் கழித்து, மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது சொல்வார்கள். உங்கள் மனைவி முற்றத்தில் நின்று பக்கத்து வீட்டு மாமியிடம் தேங்காய் துருவக் கற்றுக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். தங்கச்சி பிழைத்துக்கொள்வாள். உங்களைத்தான் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருட ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போய் 2006 பிப்ரவரியில் முடிந்தது. நாங்களும் உங்களைப் போலத்தான் முடிவெடுத்தோம். பிள்ளை இல்லாத நாட்கள், கையில் கொஞ்சம் காசு, நாட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம். கட்டில், மேசை, மின்விசிறி எல்லாம் வந்த விலைக்கு விற்றோம். வீட்டு உரிமையாளரிடம் திறப்பைக் கொடுத்தோம். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணி, அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார். ஆறு ஓட்டை, அதில் நாலு நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. (உங்கள் ஐந்தாவது கேள்விக்கு இதுதான் பதில். சுவர், கதவு, கரண்ட் மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மீட்டர் எண்ணை அவர் கண் முன்னால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடைசி பில் நீங்கள் போன பிறகுதான் வரும்.) இரண்டு பையோடு தெருவில் இறங்கியபோது எனக்குப் பறப்பது மாதிரி இருந்தது. யாரும் இல்லை, எதுவும் இல்லை, சுலபம்.

ஒன்றே ஒன்று விற்கவில்லை. என் இட்லிப் பானை. எடுப்பாரில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை. பக்கத்து வீட்டு மாமி, "இங்க வச்சிட்டுப் போ பிள்ளை, ஆராவது ஊருக்குப் போனா குடுத்து விடுறன்" என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

கண்டிக்குப் போகும் பஸ்ஸை வழியில் ஒரு செக்பாயிண்டில் மறித்தார்கள். பேச்சுவார்த்தை முறியப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த மாதங்கள் அவை. தமிழ் முகம், இந்தியப் பாஸ்போர்ட், இரண்டு பை. விசாக் கடிதத்தில் உப்புவெளி விலாசம். இளவயது அதிகாரி, அவருக்குத் தெரிந்த தமிழில், "இப்ப வீடு எங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "வீடு இல்லை" என்றார்.

அந்த இரண்டு சொல்லுக்காகப் பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. ஒரு பெஞ்சில் பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, தேத்தண்ணிகூடக் கொடுத்தார்கள். ஆனால் யாராவது ஒருவர் எங்களைத் தெரியும் என்று சொல்ல வேண்டும். கம்பெனிக்குத் தொலைபேசி அடித்தால் ஒப்பந்தம் முடிந்தது, இனி எங்கள் ஆளில்லை என்றது. வீட்டு உரிமையாளருக்கு அடித்தார்கள், காலி செய்துவிட்டார்கள், தொடர்பில்லை என்று வைத்துவிட்டார். இரண்டும் உண்மைதான். வேறு யாரைச் சொல்வது? குறிப்பேட்டில் மாமியின் நம்பர் இருந்தது. அந்த அம்மாவை இதில் இழுக்கலாமா என்று நான் தயங்கினேன். பொழுது போய்க்கொண்டிருந்தது, கொடுத்துவிட்டேன்.

மாமி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஓம், எங்கட வீட்டு ஆக்கள்தான். அவையிட சாமான் இங்கதான் கிடக்கு, திரும்பி வருவினம்" என்றார். அந்த மாதங்களில் முன்பின் தெரியாத சீருடைக் குரலுக்கு, அயல்நாட்டு ஆட்களை எங்கள் வீட்டு ஆட்கள் என்று ஒரு தமிழ்ப் பெண் தொலைபேசியில் சொல்வது என்றால் என்ன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. "என்ன சாமான்?" என்று கேட்டிருக்கிறார்கள். "இட்லிப் பானை." அதிகாரிக்குச் சிங்களத்தில் விளக்க யாருக்கும் தெரியவில்லை. அவரே சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பிறகு மூன்று வாரம் சுற்றினோம். ஒவ்வொரு நாள் மாலையும் கொமியுனிகேஷன் கடை தேடி மாமிக்கு அடித்து, இன்ன ஊரில் இருக்கிறோம் என்று சொல்வோம். "பானை பத்திரம்" என்பார். நுவரெலியாவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில், கொழுந்து பறித்துவிட்டு வந்த பாட்டி ஒருத்தி என் பேச்சைக் கேட்டு நின்றாள். அவளுடைய தாத்தா திருச்சிராப்பள்ளிப் பக்கமாம். எந்தக் கிராமம் என்று தெரியாது, பெயர் மறந்துவிட்டது. "நீங்க போனா கேட்டுப் பாருங்க" என்றாள். என்னவென்று கேட்பது? இன்றைக்கும் திருச்சியில் விமானம் இறங்கினால் அந்த முகம் வந்து நிற்கும்.

பானையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகத்தான் மார்ச்சில் திரும்பி வந்தோம். வந்த இடத்தில் அவருக்கு மறுபடி வேலை கிடைத்தது. ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. இருந்துவிட்டோம். மாமி வளவிலேயே ஒரு அறை கொடுத்தார். என் மகள் பத்திரகாளி அம்மன் கோவில் தேர்த்திருவிழா பார்த்து வளர்ந்தவள், என் தமிழைத் திருத்துகிறாள்.

அந்தக் காலத்துச் செக்பாயிண்ட் இப்போது இல்லை, நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் விலாசம் என்பது இந்த நாட்டில் இன்றும் பெரிய விஷயம். உங்கள் விசா வேலைக்காகத் தந்த விசா. முத்திரையில் ஜூன் வரை தேதி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை முடிந்த பிறகு அந்தத் தேதியைக் காட்டி ஊர் சுற்ற முடியாது. கம்பெனிக் கடிதத்தோடு பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய், சுற்றுலா விசாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று வேலையில் இருக்கும்போதே கேளுங்கள். கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். அங்கே முதலில் கேட்பது எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்றுதான். ஸ்கூட்டர் பத்திரம், வங்கிக் கடிதம், ஃபோன் சிம் எல்லாவற்றிலும் அந்தக் கட்டம் இருக்கும். "வீடு இல்லை" என்று அதில் எழுத முடியாது.

அதனால் எல்லாவற்றையும் விற்காதீர்கள். முற்றத்து மாமியிடம் கேளுங்கள், இரண்டு மாதத்துக்கு உங்கள் விலாசத்தை வைத்துக்கொள்வாரா என்று. கிராம சேவகருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு பெட்டியையாவது அவர் வீட்டில் விட்டுப் போங்கள். காசு கொடுக்கப் போகாதீர்கள், கோபம் வரும். நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் வாங்கி யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள்.

விற்பதற்குத்தான் இடம் கேட்டீர்கள். உங்கள் கம்பெனிக்கு அடுத்து வரப்போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல விலை அங்கேதான் கிடைக்கும். உங்கள் மாமி வீட்டில் இடமில்லை என்றால் பெட்டியை எங்களிடம் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்போம், உங்கள் ஆபீஸில் பழைய ஆட்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். வாஷிங் மெஷினைக் கொண்டு வராதீர்கள், ஏற்கெனவே இரண்டு பேருடையது விறாந்தையில் நிற்கிறது.