கேள்வி – பதில்: மூல நிரலிலிருந்து டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ்

கேள்வி: உபுண்டு 22.04 கணினியில் பொத்தான், பட்டியல் கொண்ட சாளர நிரல்களை எழுத உதவும் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் லைப்ரரியின் 3.2 பதிப்பை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றி) நிறுவினேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் முப்பரிமாணப் படங்களை வரைய உதவும் ஓப்பன்ஜிஎல் கேன்வாஸை என் நிரலில் பயன்படுத்தினால், அப்படியொரு கிளாஸே இல்லை என்கிறது கம்பைலர். அந்தப் பகுதியை நீக்கிவிட்டால் நிரல் கம்பைல் ஆகிறது. இயக்கினால் லைப்ரரிக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. தவறு எங்கே இருக்கிறது?

பதில்: உபுண்டு 22.04இன் பொதிக் களஞ்சியத்தில், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள்களின் கிடங்கில், 3.0 பதிப்புதான் இருக்கிறது என்பதால், 3.2 வேண்டுமென்று நீங்களே கம்பைல் செய்யத் துணிந்தது சரியான முடிவுதான். உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவது, கம்பைல் வேலையைத் தொடங்கும் ‘மேக்’ கட்டளையைக் கொடுப்பதற்கு முன்பே நேர்ந்துவிட்டது; இரண்டாவது, நிறுவி முடித்த பின் நேர்ந்தது.

ஜூலியன் ஸ்மார்ட் 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்த லைப்ரரி, பொத்தானையும் பட்டியலையும் இயன்றவரை தானே வரைவதில்லை. விண்டோஸில் விண்டோஸின் கருவிகளையும், லினக்ஸில் பெரும்பாலும் ஜிடிகே என்னும் சாளரத் தொகுப்பின் கருவிகளையும் கொண்டே அவற்றைக் காட்டுகிறது. ஆகவே லினக்ஸில் இதைக் கம்பைல் செய்யும்போது, ஜிடிகே 3இன் தலைப்புக் கோப்புகள் (அதில் என்னென்ன இருக்கின்றன என்று கம்பைலருக்குச் சொல்பவை) அடங்கிய, ‘டெவ்’ என்று முடியும் பெயருடைய பொதி கணினியில் இருந்தாக வேண்டும். ஓப்பன்ஜிஎல் பகுதிக்கு, லினக்ஸில் அதைச் செயல்படுத்தும் மீசாவின் ஜிஎல், ஜிஎல்யூ ஆகியவற்றின் டெவ் பொதிகளும், ஒலி ஒளிக் கோப்புகளை இயக்கும் பகுதிக்கு ஜிஸ்ட்ரீமரின் டெவ் பொதிகளும் தேவை.

எது இருக்கிறது, எது இல்லை என்று தேடிப் பார்ப்பது ‘கன்ஃபிகர்’ என்னும் ஸ்கிரிப்டின் வேலை. ஜிடிகே இல்லாவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். ஓப்பன்ஜிஎல் இல்லாவிட்டாலோ, ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் காட்டிவிட்டு, அந்தப் பகுதியை விலக்கிக்கொண்டு மேலே போய்விடும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் திரையில் அந்த ஒரு வரி யார் கண்ணில் படும்? உங்கள் லைப்ரரி பிழையின்றிக் கம்பைல் ஆனது உண்மை. ஓப்பன்ஜிஎல் இல்லாமலே கம்பைல் ஆனது என்பதும் உண்மை. நீங்கள் கம்பைல் செய்த பில்ட் அடைவுக்குள் உருவாகியிருக்கும் ‘செட்டப்.எச்’ கோப்பைத் திறந்து, ஜிஎல்கேன்வாஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் மதிப்பு 0 என்றிருந்தால் ஐயமில்லை. விடுபட்ட பொதிகளை நிறுவிய பின், பழைய பில்ட் அடைவை நீக்கிவிட்டுப் புதிய அடைவில் கன்ஃபிகரை மீண்டும் இயக்குங்கள். அப்போது, ஓப்பன்ஜிஎல் கட்டாயம் வேண்டும் என்பதைத் தெரிவிக்கும் ‘வித்-ஓப்பன்ஜிஎல்’ விருப்பத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அது கிடைக்காதபோது ஸ்கிரிப்ட் பிழை காட்டி நின்றுவிடும். மௌனமாக விலக்கிக்கொள்வதைவிட இதுவே நல்லது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் நிரலுக்கு இன்றியமையாத ஒவ்வொரு பகுதியையும் இப்படி வெளிப்படையாகக் கேட்டுப் பெறுங்கள்.

இரண்டாவது கோளாறு எளியது. நீங்கள் நிறுவிய லைப்ரரிக் கோப்புகள் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ அடைவுக்குப் போயிருக்கும். நிரலை இயக்கும்போது கோப்பைத் தேடித் தரும் லோடர், முன்பே தயாரித்து வைத்த ஒரு பட்டியலைப் பார்த்தே தேடுகிறது. புதிய கோப்புகள் அந்தப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. நிர்வாகி உரிமையுடன் ‘எல்டிகன்ஃபிக்’ கட்டளையை ஒரு முறை கொடுத்தால் போதும்.

பழைய 3.0 பதிப்பின் டெவ் பொதியும் உங்கள் கணினியில் இருக்குமானால் இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பைலருக்குத் தேவையான பாதைகளைச் சொல்லும் ‘டபிள்யூஎக்ஸ்-கன்ஃபிக்’ அப்போது இரண்டு இருக்கும். ஒன்றின் தலைப்புக் கோப்பும் மற்றதன் லைப்ரரியும் கலந்துவிட்டால், இணைக்கும்போதே பிழை வரும். அல்லது பதிப்புகள் பொருந்தவில்லை என்று நிரல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அந்தக் கட்டளையிடம் பதிப்பு எண்ணைக் கேட்டு, 3.2 என்று பதில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லைப்ரரியை என் நிரலுக்குள்ளேயே ஸ்டாட்டிக்காக இணைத்து விற்க விரும்புகிறேன். அப்படிச் செய்தால் என் மூல நிரலை வெளியிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸின் உரிமம் எல்ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தை ஒட்டியது என்றாலும், பைனரி (கம்பைல் செய்த) வடிவில் உங்கள் சொந்த நிபந்தனைகளின்படி விநியோகிக்கலாம் என்ற விதிவிலக்கும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. கன்ஃபிகருக்கு ‘டிசேபிள்-ஷேர்டு’ விருப்பத்தைக் கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள். ஆனால் இப்படி உள்ளே சேர்வது டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் மட்டுமே. ஜிடிகே வெளியிலேயே இருக்கும் என்பதால், வாங்குபவரின் லினக்ஸ் கணினியிலும் ஜிடிகே 3 இருக்க வேண்டும் என்பதை நிறுவல் குறிப்பில் எழுதிவிடுங்கள்.