சேலம் மாதிரி ஊர்ல இருந்துக்கிட்டே வீட்ல ஸ்டுடியோ வெச்சு வாய்ஸ் ஓவர் ஆர்ட்டிஸ்ட்டா வேலை பார்க்க முடியுமா? எவ்ளோ செலவாகும்?

முடியுங்க. நான் அம்மாப்பேட்டைல இருந்து பண்றேன், 2020 லாக்டவுன்ல ஆரம்பிச்சது. விளம்பரம், ஈ-லேர்னிங் பாடம், ஆடியோ புக், அப்புறம் போன் பண்ணா "தமிழுக்கு எண் 2-ஐ அழுத்தவும்"னு வருமே அதுவும். ரெக்கார்டிங்னு சென்னைக்கு போனது இத்தனை வருஷத்துல நாலஞ்சு தடவைதான் இருக்கும்.

செலவு சொல்லிடறேன். மைக், மைக்கை லேப்டாப்போட இணைக்கற இன்டர்ஃபேஸ், ஸ்டாண்டு, "ப" சொல்றப்போ வர்ற காத்து மைக்ல அடிக்காம தடுக்கற பாப் ஃபில்டர், கேபிள், ஹெட்ஃபோன் எல்லாம் சேர்த்து எனக்கு அப்போ 22,000 ஆச்சு, லேப்டாப் ஏற்கனவே இருந்தது, எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி காசில்லாமலே கிடைக்குது. ஆனா என்கிட்ட கேக்கறவங்க எல்லாருமே முதல் கேள்வியே எந்த மைக் வாங்கலாம்னுதான் கேக்கறாங்க. தயவுசெஞ்சு அந்த காசை கொஞ்ச நாள் அப்படியே வெச்சுட்டு முதல்ல ரூமை பாருங்க. ஸ்டுடியோவுல பயன்படுத்தற, சின்ன சத்தத்தையும் பிடிக்கற கண்டன்சர் மைக்னா அது உங்க குரலை மட்டும் எடுக்காது, தெருவையே எடுத்து உள்ள வெச்சுக்கும்.

எங்க பக்கத்து வீட்ல நாலு விசைத்தறி. காலைல ஆறு மணிக்கு ஓட ஆரம்பிச்சா நைட்டு ஒம்பது வரைக்கும் ஓடும். பிறந்ததுல இருந்து கேட்ட சத்தம்ங்கறதால எனக்கு அது காதுலயே விழாது, மைக்ல கேட்டப்பதான் தெரிஞ்சது. யூடியூப்ல பார்த்துட்டு கருப்பு ஃபோம் வாங்கி சுவர் பூரா ஒட்டுனேன், தறிச்சத்தம் ஒரு துளி கொறையல. ஏன்னா ஃபோம் பண்றது ரூமுக்குள்ள நம்ம குரல் சுவர்ல பட்டு திரும்பி வர்றத கொறைக்கறது, அதுலயும் கீச்சு சத்தத்தத்தான் நல்லா பிடிக்கும். தறியோட அந்த தடதடப்பு அடிக்குரல் மாதிரி, அது காத்துல மட்டும் வரல, சுவர் வழியா தரை வழியா வந்து ஸ்டாண்டு கால்ல ஏறி மைக்குக்கு போகுது. இது புரிய எனக்கு மூணு மாசம் ஆச்சு. அப்புறம் ஸ்டாண்டுக்கு அடியில பழைய ஜமுக்காளத்த நாலா மடிச்சு போட்டேன், ஸ்டாண்டோட அதிர்வு மைக்குக்கு போகாம தாங்கிப் பிடிக்கற ஷாக் மவுண்ட் வாங்குனேன், தெருப்பக்கம் இருந்த ரூமை விட்டுட்டு வீட்டுக்கு நடுவுல இருக்கற சாமான் ரூமுக்கு மாறுனேன். பாட்டியோட இலவம்பஞ்சு மெத்தை ரெண்டு பரண்ல கிடந்துச்சு, அத இறக்கி வெயில்ல போட்டு தட்டி எனக்கு பின்னாடி ஒண்ணு பக்கத்துல ஒண்ணு நிக்க வெச்சேன். ஃபோமுக்கு குடுத்த காசு வேஸ்ட்டு, அந்த மெத்தைங்கதான் இன்னைக்கு வரைக்கும் என் ஸ்டுடியோ.

நேரமும் மாத்திக்கிட்டேன். விடிகாலை நாலரைல இருந்து ஆறு வரைக்கும் ரெக்கார்டிங், பகல்ல எடிட்டிங். ஃபேன் போட முடியாது, ஏப்ரல் மே மாசம் சேலத்து வெயில் உங்களுக்கே தெரியும், அதனாலயும் விடிகாலைதான் சரிப்படும்.

முதல் ஆடியோ புக்ல வாங்குன அடிய சொல்றேன், நீங்க வாங்காம இருக்கணும். மூணு மணி நேர ஆடியோ, பத்து நாள் படிச்சு அனுப்புனேன், மொத்தமும் திரும்பி வந்துடுச்சு. ஆடியோ புக்குக்குன்னு பொதுவா ஒரு அளவு கேப்பாங்க (ரெக்கார்டிங்ல உச்சபட்ச சத்தம்தான் பூஜ்யம், மைனஸ் நம்பர் பெருசாக பெருசாக சத்தம் கம்மின்னு அர்த்தம்), குரலோட சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18 டெசிபெல்லுக்கும் நடுவுல இருக்கணும், உச்சம் மைனஸ் 3 தாண்டக்கூடாது, யாரும் பேசாத இடத்துல மைனஸ் 60க்கு கீழ இருக்கணும். எனக்கு அந்த கடைசிதான் போச்சு. பக்கத்து ரூம்ல இருந்த இன்வெர்ட்டர் "ம்ம்ம்"னு ஓடிட்டே இருந்திருக்கு, நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அந்த உறுமலும் அதோட மடங்குகளும் ஒவ்வொரு வரிக்கும் அடியில படிஞ்சு கிடந்துச்சு. அன்னைக்கு உக்காந்து அழுதேன். மறுபடி முதல் பக்கத்துல இருந்து எல்லாத்தையும் படிச்சேன், இந்த தடவை இன்வெர்ட்டர ஆஃப் பண்ணிட்டு.

சத்தம்னா வெளிய இருந்துதான் வரும்னு இல்லைங்க. ஒரு நகைக்கடை விளம்பரம் பண்றப்போ, மும்பைல இருந்து டைரக்டர் ஆன்லைன்ல லைவா கேட்டுக்கிட்டு இருந்தாரு, டேக் நல்லா வந்துட்டு இருக்கறப்பவே நிறுத்தி, ஏதோ மணி மாதிரி கேக்குதேன்னாரு. தேடித்தேடி பார்த்தா என் கால் கொலுசு. செவ்வாப்பேட்டைல அத்தை ஆசையா வாங்கி குடுத்தது, படிக்கறப்போ ஒரு வார்த்தைய அழுத்தறப்பல்லாம் என்னை அறியாம குதிகால தூக்கியிருக்கேன், அதுல ஒரு முத்து அசைஞ்சிருக்கு. இப்போ ரெக்கார்டிங் ரூம் வாசல்ல ஒரு கிண்ணம் இருக்கு, கொலுசு, வளையல், வாட்ச் எல்லாம் அதுலதான். நைலான் துணி சரசரக்கும்ங்கறதால அத போட்டுட்டு உள்ள போறதில்ல, பருத்திதான்.

ஆடி மாசம் தனிக்கதை. கோட்டை மாரியம்மன்ல இருந்து ஊர்ல இருக்கற மாரியம்மன் கோயில் எல்லாத்துலயும் ஒண்ணா பண்டிகை, எங்க தெருவுலயே ஸ்பீக்கர் கட்டிடுவாங்க, குகைங்கற ஏரியால, சாமி வேஷம் கட்டி அலங்கார வண்டில வர்ற வண்டி வேடிக்கை. அது எங்க ஊர் சந்தோஷம், அதுக்கு நடுவுல மைக் முன்னாடி உக்காரணும்னு எனக்கே தோணாது. ஆனா டெட்லைன் இருக்கே. அதனால ஒரு வருஷம் லேப்டாப்பையும் மைக்கையும் தூக்கிக்கிட்டு ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல இருக்கற சித்தி வீட்டுக்கு போனேன். ஏற்காடு போற ரோட்டுலதான் மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கற பழைய சினிமா ஸ்டுடியோவோட வளைவு இருக்கு, டி.ஆர். சுந்தரம் 1930கள்லயே இங்க ஸ்டுடியோ போட்டு பேசும்படம் எடுத்தாரு, குரல் வேலைன்னா சென்னைதான்னு யாராவது சொன்னா எனக்கு அந்த வளைவுதான் ஞாபகம் வரும். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, கிட்டத்தட்ட 5,000 அடி உசரம், இதைவிட அமைதியான இடம் ஏதுன்னு நினைச்சேன்.

அமைதியே இல்லைங்க. சில்வண்டு. பொழுது சாஞ்சா காடு பூரா கத்துது. சில்வர் ஓக் மரத்துல காத்து அடிச்சா தூரத்துல மழை வர்ற மாதிரியே கேக்குது, நிஜமாவே மழை வந்தா தகரக்கூரை. இதுல கஷ்டம் என்னன்னா, தறிச்சத்தம் அடியில இருக்கறதால 80 ஹெர்ட்ஸ்ல லோ கட் போட்டா, அதாவது அதுக்கு கீழ இருக்கற அடிச்சத்தத்த வெட்டுனா, பாதி போயிடும், குரலுக்கு ஒண்ணும் ஆகாது. சில்வண்டு கத்தறது நம்ம "ச", "ஸ" வர்ற அதே இடத்துல, அத எடுக்க நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா சகரமும் சேர்ந்து மழுங்கிப்போய் தண்ணிக்குள்ள பேசற மாதிரி ஆயிடுது. கடைசில சித்தி வீட்டு துணி அலமாரிய திறந்து, ரெண்டு கம்பளிய மேல போட்டு, அதுக்குள்ள தலைய விட்டு மத்தியானம் மழை விட்ட நேரத்துல படிச்சு முடிச்சேன். இப்போ பெரிய வேலை எல்லாம் ஆனிலயே முடிச்சுக்கறேன்.

ரூம் சரியாச்சுன்னா அடுத்தது நாக்கு. ழ, ள, ல மட்டும் இல்ல, ண, ன வித்தியாசமும் மைக்ல பச்சையா தெரியும். வட்டார வழக்க மறக்கணும்னு சொல்லமாட்டேன், எனக்கு வந்த நல்ல வேலைல பாதி "ஏனுங்க"ன்னு இழுத்து பேசத் தெரிஞ்சதாலதான் வந்துச்சு. அப்புறம் வர்ற ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இந்திலயோ இங்கிலீஷ்லயோ எழுதி தமிழ் பண்ணது, தமிழ்ல வார்த்தை நீளம், 30 செகண்டுக்குள்ள மூச்சு விடாம ஓடணும். எனக்கு 30 செகண்டுக்கு 50, 55 வார்த்தைதான் நிம்மதியா வரும், அதுக்கு மேல இருந்தா எந்த வார்த்தைய எடுக்கலாம்னு நானே எழுதி அனுப்பிடுவேன். இதுவரைக்கும் யாரும் கோவிச்சுக்கல, திருப்பி கூப்பிடறாங்க.

காசு விஷயம், முதல் வருஷம் இத நம்பி வீடு நடத்த முடியாது, நான் ட்யூஷன் எடுத்துக்கிட்டேதான் பண்ணேன். பில் போடுங்க, காசு குடுக்கறப்பவே 10% டிடிஎஸ்னு வருமான வரி பிடிச்சாங்கன்னா ரிட்டர்ன் ஃபைல் பண்றப்போ கணக்கு காட்டுங்க. சாம்பிள்னு சொல்லி முழு ஸ்கிரிப்ட்டையும் படிக்க சொன்னா நாலு வரிக்கு மேல படிக்காதீங்க. ரொம்ப முக்கியமா, மெயில்லயோ அக்ரிமெண்ட்லயோ உங்க குரல ஏஐ-க்கு பயிற்சி குடுக்கவோ குளோன் பண்ணவோ, அதாவது அதே மாதிரி போலிக்குரல் உருவாக்கவோ கூடாதுன்னு ஒரு வரி எழுதி வாங்கிக்கோங்க. 2024ல அரிஜித் சிங் கேஸ்ல பாம்பே ஹைகோர்ட்டே, அனுமதியில்லாம ஏஐ-ல அவர் குரல உருவாக்கக்கூடாதுன்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. அவ்ளோ பெரிய பாடகருக்கே கோர்ட்டு படி ஏற வேண்டியிருந்துச்சு, நமக்கு அந்த ஒரு வரிதான் கைல இருக்கற பிடி.

இன்னைக்கு ஒரு வேலை பண்ணுங்க. போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி ரூம்ல வெச்சுட்டு பேசாம ஒரு நிமிஷம் நில்லுங்க, காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஹெட்ஃபோன்ல வால்யூம் ஏத்தி கேட்டு என்னென்ன சத்தம் இருக்குன்னு எழுதி கீழ போடுங்க, ஃப்ரிட்ஜா, தெருவா, தறியான்னு பார்த்து எத எப்படி சமாளிக்கலாம்னு சொல்றேன். அதுக்கப்புறம் மைக் வாங்கலாம்.