கிட்டாரோடு விமானம் ஏறுமுன்

கேள்வி: கோவையிலிருந்து சென்னை வழியாக யாழ்ப்பாணம் போகிறேன். அக்கூஸ்டிக் கிட்டாரைக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோக விடுவார்களா? (வாசகர், கோயம்புத்தூர்)

விதிப்படி பார்த்தால் இடமில்லை. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவான அளவு 55 × 35 × 25 செ.மீ., எடை 7 கிலோ. முழு அளவு ட்ரெட்நாட் கிட்டார் 104 செ.மீ. நீளம். 34 அங்குல டிராவல் கிட்டார்கூட 86 செ.மீ. வரும். ஆகவே, உள்ளே விடுவதும் விடாததும் அந்தந்த நிறுவனத்தின் இசைக்கருவி விதியையும், அன்றைக்கு கேட்டில் நிற்பவரின் முடிவையும் பொறுத்தது. டிக்கெட் எடுக்கும் முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் வாய்ப்பேச்சு நிற்காது, எழுத்து நிற்கும்.

எந்த விமானம் என்று பார்ப்பது அதைவிட முக்கியம். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்றவற்றின் மேல் ரேக்கில் கிக் பேக் என்னும் துணிப்பையோடு கிட்டாரை நீளவாட்டில் படுக்க வைக்கலாம். முதலில் ஏறினால் இடம் கிடைக்கும். கடைசியில் ஏறினால் டிராலி பெட்டிகள் நிறைந்துவிட்டிருக்கும். ஆனால் சென்னை–யாழ்ப்பாணம் தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72-இன் ரேக் மிகச் சிறியது. யார் அனுமதி கொடுத்தாலும் கிட்டார் அதில் அடங்காது. விமானத்தின் வாசலிலேயே வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். கிக் பேக்கில் இருக்கும் கிட்டார் சரக்கறைக்குப் போவதுதான் நடப்பதிலேயே மோசமானது. உங்கள் பயணத்தில் ஒரு தடம் ஏடிஆர் என்பதால் கோவையிலேயே ஹார்டு கேஸில் வைத்து செக்-இன் செய்துவிடுங்கள்.

கூடுதல் இருக்கை வாங்கி கிட்டாரை அதில் வைத்துப் போகவும் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. பெரும்பாலும் இணையத்தில் அதை பதிவு செய்ய முடியாது, தொலைபேசியில்தான் கேட்க வேண்டும். ஜன்னல் இருக்கைதான் தருவார்கள். அவசர வழி வரிசையில் தர மாட்டார்கள். லட்சக்கணக்கில் விலை போகும் கருவிக்கு அந்தச் செலவு நியாயமானது.

கேள்வி: சரக்கறையில் காற்றழுத்தம் குறைவு, அதனால் கம்பிகளை முழுக்கக் கழற்றிவிட வேண்டும் என்கிறார்கள். சரியா? கேஸுக்குள் எப்படி வைக்க வேண்டும்? (வாசகி, சென்னை)

காற்றழுத்தம் காரணமே இல்லை. பயணிகள் ஜெட் விமானங்களில் சரக்கறையும் நீங்கள் உட்காரும் பகுதியும் ஒரே அழுத்தத்தில்தான் இருக்கின்றன. கிட்டாரை உடைப்பது வீழ்ச்சி. பெல்ட்டிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து தரைக்கு என்று கேஸ் விழும் ஒவ்வொரு முறையும் அடி ஓரிடத்தில்தான் போய் முடிகிறது: நெக்கும் (கழுத்து), அதன் நுனியில் கம்பிகளை முறுக்கும் ஹெட்ஸ்டாக்கும் சேரும் இடம்.

ஏன் அங்கே என்று தெரிந்துகொண்டால் எப்படி வைப்பது என்பது தானே புரியும். கேஸ் மல்லாக்க விழும்போது கிட்டாரின் உடலைக் கேஸ் பிடித்துக்கொள்கிறது. ஹெட்ஸ்டாக்கையோ அதில் இருக்கும் ஆறு உலோக டியூனிங் கீயையோ பிடிக்க எதுவும் இல்லை. அந்த எடை விழுந்த வேகத்திலேயே தொடர்ந்து போகிறது. நெக்கின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டையான நட்டுக்குப் பின்னால் நெக் மிக மெலிவு. பல கிட்டார்களில் ட்ரஸ் ராடு (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டு) திருப்புவதற்காக அங்கே மரத்தைக் குடைந்தும் இருப்பார்கள். ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்த வகையென்றால் மரத்தின் இழையும் அந்த இடத்தில் குறுக்கே வெட்டுப்படும். போதாததற்கு, 12–53 கம்பி செட்டை சாதாரண சுருதியில் கட்டியிருந்தால் ஏறத்தாழ 70 கிலோ இழுவிசை அதே திசையில் இழுத்துக்கொண்டிருக்கிறது. கேஸில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ஹெட்ஸ்டாக் உடைந்து தொங்குவதற்குக் காரணம் இதுதான்.

கம்பியின் சுருதியை இரண்டு மூன்று ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அளவுக்கு இறக்கினால் போதும். அதாவது தடித்த ஈ கம்பி டி-க்கோ அதற்குச் சற்றுக் கீழேயோ வரட்டும். முழுக்கக் கழற்றினால் எதிர் இழுப்பு இல்லாமல் ட்ரஸ் ராடு நெக்கைப் பின்பக்கம் வளைக்கும். போய்ச் சேர்ந்ததும் கம்பி ஃப்ரெட்டில் உரசும்.

அடுத்தது உள்ளே அடைப்பது. கிட்டாரைக் கேஸில் வைத்து நெக்கின் கீழே இருக்கும் மெத்தைத் தாங்கி நெக்கைத் தொடுகிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். இடைவெளி இருந்தால் மடித்த பருத்தித் துணியால் நிரப்புங்கள். பிறகு ஹெட்ஸ்டாக்: அதன் பின்புறம், இரண்டு பக்கம், மேல்புறம் எல்லாவற்றிலும் பழைய டி-ஷர்ட்டைச் சுருட்டித் தளர்வாக அடையுங்கள். இறுக்கித் திணிக்காதீர்கள். மூடியை மூடும்போது துணி ஹெட்ஸ்டாக்கைக் கீழே அழுத்தினால் பயணம் முழுக்க நீங்களே அதை வளைத்துக்கொண்டிருப்பதாக அர்த்தம். துணி லேசாக அமுங்கி மூடி தானாக உட்கார வேண்டும், அதுதான் அளவு. உடலின் இரு பக்கமும் இடுப்புப் பகுதியிலும் இடைவெளி இருந்தால் அங்கேயும் துணி வையுங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்போர்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய அட்டையைச் செருகிவிடலாம்.

பலரும் மறப்பது கிட்டாரின் அடிப்பக்கத்தில் ஸ்ட்ராப் மாட்டும் எண்ட் பின். கேஸ் செங்குத்தாக விழுந்தால் அந்தப் பின் ஆப்பு மாதிரி உள்ளே இறங்கி அடிக்கட்டையைப் பிளக்கும். வெறுமனே செருகியிருக்கும் வகையென்றால் உருவிவிடுங்கள். பிக்கப் ஜாக்கோடு சேர்ந்ததாக இருந்தால் அதைச் சுற்றி வளையமாகத் துணி வைத்து, பின் கேஸின் சுவரைத் தொடாதபடி செய்யுங்கள். ட்யூனர், கேப்போ (கம்பிகளை நெக்கோடு அழுத்திப் பிடிக்கும் கிளிப்), ஸ்லைடு எதுவும் கேஸுக்குள் தனியாக உருளக் கூடாது.

மூடியபின் கேஸைத் தூக்கி லேசாக ஆட்டுங்கள். சத்தமோ அசைவோ இருந்தால் மறுபடி திறந்து அடையுங்கள். தாழ்ப்பாள்கள் பெல்ட்டில் சிக்கித் திறந்துகொள்வது உண்டு. வெளியே இரண்டு இடத்தில் நைலான் பட்டை கட்டுங்கள். அமெரிக்கா போகும் பெட்டியை அந்நாட்டு விமானப் பயணப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏ திறந்து பார்க்கலாம். ஆகவே அவர்களே திறக்கக்கூடிய டிஎஸ்ஏ பூட்டுத் தவிர வேறு பூட்டுப் போடாதீர்கள். துணிகளை எப்படித் திரும்ப வைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி உள்ளே மேலாக ஒட்டுங்கள்.

எடை: கிட்டார் 2 கிலோ, மரக்கேஸ் நாலைந்து கிலோ. உள்நாட்டுக் கட்டணம் பலவற்றில் 15 கிலோவும் ஒரே உருப்படிக்குத்தான். இரண்டாவது பெட்டிக்குத் தனிப்பணம். கேஸின் நீள, அகல, உயரக் கூட்டல் ஏறத்தாழ 168 செ.மீ. வரும், வழக்கமான வரம்போ 158. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டாரின் நெக்கைக் கழற்றிப் பெட்டியில் வைக்கலாமா? (வாசகர், திருச்சி)

நாலு திருகாணியில் மாட்டிய நெக் என்றால் வைக்கலாம். கம்பிகளைத் தளர்த்தி, கேப்போ போட்டுப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். நெக் ஏறத்தாழ 67 செ.மீ.; 28 அங்குலப் பெட்டியில் அடங்கும். ஆனால் மரத்தில் நேரே இறங்கும் திருகாணிகள் அவை. மாதாமாதம் கழற்றி மாட்டினால் துளை தேய்ந்து பிடிப்பு போய்விடும். எப்போதாவது செய்யுங்கள். ஒட்டிய நெக்கைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பாதுகாப்புச் சோதனையில் என்னென்ன பிடுங்குவார்கள்? (வாசகர், மதுரை)

கம்பி வெட்டும் கட்டர், ஸ்க்ரூடிரைவர், மல்டி டூல், ட்ரஸ் ராடு சாவி, உபரி கம்பிகள் எல்லாவற்றையும் செக்-இன் பெட்டியில் போடுங்கள். பவர் பேங்க்கும் உபரி லித்தியம் பேட்டரியும் இதற்கு நேர்மாறு, அவை கைப்பையில்தான் வர வேண்டும். வயர்லெஸ் ட்ரான்ஸ்மிட்டரை முழுக்க அணைத்துவையுங்கள். பெடல்கள் எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் கேட்பதற்கு முன்பே தட்டில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். எக்ஸ்ரேயால் மரத்துக்கோ பிக்கப்புக்கோ எதுவும் ஆகாது.

கேள்வி: மகள் படிக்க அமெரிக்கா போகிறாள். கிட்டாரின் முதுகும் பக்கமும் ரோஸ்வுட். சுங்கத்தில் பிரச்சினை வருமா? (வாசகி, சேலம்)

எந்த ரோஸ்வுட் என்பதுதான் கேள்வி. நம் ஈட்டி மரம் உட்பட, பிரேசில் ரோஸ்வுட் தவிர டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியில், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வந்தது. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே இந்திய ரோஸ்வுட் கிட்டாருக்கு சைட்டீஸ் சான்று வேண்டாம். எந்த மரம் என்று எழுதிய ரசீதை மட்டும் கேஸில் வையுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் முதலாம் பட்டியலில் இருக்கிறது, அதற்கு விலக்கு இல்லை. பழைய கிட்டாரில் தந்தத்தால் ஆன நட், சாடில் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் கட்டை) இருந்தாலும் சான்றில்லாமல் எல்லை தாண்டக் கூடாது.

இன்னொரு வேலையும் உண்டு. விலை உயர்ந்த கருவி என்றால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அலுவலரிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளட்டும். திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியது என்று வரி கேட்க மாட்டார்கள். கிட்டாரை செக்-இன் செய்யும் முன்பே இதை முடிக்க வேண்டும்.

அமெரிக்க விமான நிறுவனங்களில் ஏறினால் ஒரு நன்மை. 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு விதிப்படி, ஏறும் நேரத்தில் ரேக்கில் இடம் இருந்தால் கிட்டாரை அனுமதித்தே ஆக வேண்டும். வேறு நாட்டு நிறுவனங்களை இது கட்டுப்படுத்தாது. பனிக்காலத்தில் இறங்கினால் கேஸை வீட்டுக்குள் வைத்துச் சில மணி நேரம் திறக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள். குளிர்ந்த வார்னிஷ் சட்டென்று சூடுபட்டால் மயிரிழை வெடிப்பு விடும். ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்து கிடக்கும். நம் ஊர் ஈரத்தில் இருந்த மரம் அங்கே சுருங்கும். கேஸுக்குள் ஈரப்பதம் 45–55 சதவீதம் இருக்கும்படி ஈரப்பதப் பொட்டலம் வைக்க வேண்டும்.

கேள்வி: உடைந்து வந்தால் நஷ்டஈடு கிடைக்குமா? (வாசகர், சிங்கப்பூர்)

கிடைக்கும், ஆதாரம் இருந்தால். செக்-இன் செய்யும் முன் கிட்டாரையும் கேஸுக்குள் அடைத்திருக்கும் விதத்தையும் படம் எடுங்கள். கவுன்டரில் ‘லிமிடெட் ரிலீஸ்’ சீட்டு நீட்டினால் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று நீங்களே எழுதிக் கொடுப்பது அது. போய் இறங்கியதும் பெல்ட் பக்கத்திலேயே கேஸைத் திறந்து பாருங்கள். உடைந்திருந்தால் வெளியேறும் முன் பிஐஆர் என்னும் புகார்ப் படிவம் வாங்குங்கள். கனடாப் பாடகர் டேவ் கேரலின் டெய்லர் கிட்டார் 2008-இல் உடைந்தபோது, 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று சொல்லித்தான் நஷ்டஈட்டை மறுத்தார்கள். மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி சர்வதேசப் பயணத்தில் எழுத்துப் புகாருக்கு 7 நாள் அவகாசம் இருக்கிறது. ஆனாலும் வெளியே போய்விட்டு வந்தால் வாதம் பலவீனமாகிவிடும்.

ஒரு பயணியின் பெட்டிகள் அனைத்துக்கும் சேர்த்து வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். கிட்டார் அதைவிட விலை கூடியது என்றால் செக்-இன்னிலேயே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும், இல்லையேல் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும்.

கேள்வி: வீணைக்கும் இதே முறைதானா? (வாசகி, தஞ்சாவூர்)

அடைக்கும் முறை அதேதான். யாளி முகம் இருக்கும் முனைக்கு ஹெட்ஸ்டாக்குக்குச் சொன்ன கவனம் வேண்டும். சுரைக்காயைக் கழற்றித் தனியாகப் பொதியுங்கள். வீணையின் தனி ஆபத்து வெயில். வீணையின் மெட்டுகள் (ஃப்ரெட்டுகள்) மெழுகில் பதிந்தவை. ஓடுதள வெயிலில் கறுப்புக் கேஸ் கிடந்தால் மெழுகு இளகி மெட்டுகள் நகரும். வெளிர்நிற ஃபைபர் கேஸ் வாங்குங்கள், கோடையில் இரவு விமானம் பாருங்கள். பழைய வீணையில் தந்த வேலைப்பாடு இருந்தால் வெளிநாட்டுக்கு அதை எடுக்காமல், புதிய வீணையோடு போங்கள்.