இலுமினா தீர்ப்புக்குப் பிறகு 22-வது பிரிவு: வரம்புக்குக் கீழுள்ள இணைப்பில் ஆணையம் தலையிடுமா?

வருவாய் வரம்பை எட்டாத ஒரு நிறுவன இணைப்பை (ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்குவதை), ஐரோப்பிய ஒன்றிய இணைப்பு ஒழுங்குமுறையின் 22-வது பிரிவின்படி உறுப்பு நாடு அனுப்பினால் ஐரோப்பிய ஆணையம் விசாரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தலையிட முடியும். ஆனால் எந்த உறுப்பு நாடு கேட்டாலும் போதும் என்ற நிலை இப்போது இல்லை. இணைப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வைத்திருக்கும் நாடு, அந்தச் சட்டப்படி தானே விசாரிக்கக்கூடிய இணைப்பைத்தான் ஐரோப்பிய ஆணையத்துக்கு அனுப்பலாம்.

உங்கள் குறிப்பை மூத்த வழக்கறிஞர் "பழையது" என்று திருப்பியதற்கு, தன் சட்டப்படி விசாரிக்க முடியாத நாடும் அனுப்பலாம் என்ற ஆணையத்தின் 2021 மார்ச் வழிகாட்டுதலை நீங்கள் நம்பியதே காரணமாக இருக்கும். மரபணு வரிசை நிறுவனமான இலுமினா, புற்றுநோய்ப் பரிசோதனை நிறுவனமான கிரெயிலை வாங்கிய வழக்கில் 2024 செப்டம்பர் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. கிரெயிலுக்கு ஐரோப்பாவில் வருவாயே கிடையாது, அதனால் எந்த நாட்டின் வரம்பையும் அந்த இணைப்பு தொடவில்லை. இலுமினாவுக்கு விதித்திருந்த 43.2 கோடி யூரோ அபராதத்தையும் ஆணையம் கைவிட வேண்டியதாயிற்று.

சரி, இப்படிச் சரிபாருங்கள். வாங்கப்படும் நிறுவனம் விற்பனை செய்யும் நாடுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்வி: வருவாய் வரம்பைத் தாண்டுகிறதா? தாண்டாவிட்டாலும் "அறிவிப்பு கொடு" என்று கேட்கும் அதிகாரம் அங்குள்ள போட்டி ஆணையத்துக்கு உண்டா? இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். இத்தாலி, டென்மார்க், அயர்லாந்தில் அந்த அதிகாரம் உண்டு. என்விடியா, ரன் ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் நிறுவனத்தை வாங்கியபோது இத்தாலி அதைப் பயன்படுத்தித்தான் ஆணையத்துக்கு அனுப்பியது. ஐரோப்பிய ஆணையம் 2024 டிசம்பரில் நிபந்தனையின்றி அனுமதித்தது.

அப்புறம் ஒன்று: வாங்குபவர் ஏற்கெனவே சந்தையில் ஆதிக்க நிலையில் இருந்தால், எந்த வரம்பையும் தொடாத இணைப்பைக்கூட முடிந்த பிறகு, ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 102-வது பிரிவின் கீழ் கேள்வி கேட்கலாம். ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2023 மார்ச் டவர்காஸ்ட் தீர்ப்பு அதைத்தான் சொல்கிறது. குறிப்பில் இதற்குத் தனிப் பத்தி கொடுங்கள்.